உபோனின் ஃபேண்டம்: மூன்றாவது முயற்சியில் படிந்த உருமறைப்பு வண்ணம்

கடைசியில் வந்துவிட்டது. நேற்றிரவு பதினொன்றரை மணிக்குக் காகித மறைப்பை ஒவ்வொன்றாக உரித்தேன். பழுப்பும் பச்சையும் சேரும் இடத்தில், இரண்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த அந்த ஒரு மில்லிமீட்டர் மங்கல் என் மாடல் விமானத்தின் இறக்கையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீராக ஓடியது. விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தவன், மறுபடி எழுந்து வந்து பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

கையில் இருப்பது அகாடமி நிறுவனத்தின் 1/48 அளவு பிளாஸ்டிக் மாடல்: எஃப்-4சி ஃபேண்டம் என்ற அமெரிக்கப் போர் விமானம். இதை 64-0829 என்ற எண் கொண்ட விமானமாகச் செய்கிறேன்: 8வது தந்திரப் போர் விமான விங் (பல ஸ்குவாட்ரன்கள் அடங்கிய படைப்பிரிவு), 433வது ஸ்குவாட்ரன், தாய்லாந்தின் உபோன் தளம், விங் தளபதி கர்னல் ராபின் ஓல்ட்ஸின் ‘ஸ்கேட் 27’. உண்மையான விமானம் இன்றும் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. காக்பிட், இருக்கைகள், காற்றுக் குழாய்களின் உள் இணைப்பு எல்லாம் ஃபேண்டம் செய்த யாருக்கும் தெரிந்த வேலை. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. என்னைப் படுத்திய விளிம்பைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

தென்கிழக்கு ஆசிய உருமறைப்புக்கு நான்கு நிறங்கள், அமெரிக்க அரசின் நிறத் தர எண்களோடு: மேலே பழுப்பு 30219, நடுத்தரப் பச்சை 34102, கரும்பச்சை 34079, அடியில் வெளிர் சாம்பல் 36622. குன்சே நிறுவனத்தின் பெயின்ட் சீசாக்களில் முறையே 310, 303, 309, 311. நிறங்களில் எனக்குக் குழப்பமே இல்லை. ஒரு நிறம் இன்னொன்றில் எப்படிக் கரைகிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

எஃப்-4சி விமானங்கள் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இந்த நிறத்தில் இல்லை. கடற்படை ஃபேண்டம்களைப் போல மேலே சாம்பல், அடியில் வெள்ளை. வியட்நாம் வானத்தில் அது பளிச்சென்று தெரிந்ததால், பிறகு ஒவ்வொன்றாக ஸ்பிரே துப்பாக்கியால் மூன்று நிறம் பூசினார்கள். வடிவம் உத்தரவுப்படி ஒன்றுதான். ஆனால் விளிம்பு பூசியவரின் கைவாக்கு. பழைய வண்ணப் படங்களைப் பெரிதாக்கி, இறக்கையில் தெரியும் தகட்டு இணைப்புகளை அளவுகோலாக வைத்து நான் அளந்து பார்த்த வரையில், மங்கல் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர். அதை 48ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டர். கூர்மையான கோடு போட்டால் பொம்மையாகிவிடும். மூன்று மில்லிமீட்டர் மங்கினால், அசல் அளவில் பதினான்கு சென்டிமீட்டர் புகைமூட்டம்.

முதல் முயற்சி, ப்ளூடேக்கை (களிமண் போல் பிசையக்கூடிய ஒட்டும் பொருள்) புழுப்போல உருட்டி எல்லைக்கோட்டில் வைத்து, நடுவில் டேப் ஒட்டுவது. பலருக்குக் கைகொடுக்கும் முறை. நான் உருட்டியது தடிமன். நான்கு மில்லிமீட்டர் இருந்திருக்கும். ஏர்பிரஷைச் சாய்த்துப் பிடித்ததால் பெயின்ட் அதன் அடியில் புகுந்து, முதுகுப் பக்கம் முழுதும் பதினான்கு சென்டிமீட்டர் புகைமூட்டமே ஆகிவிட்டது. தின்னரால் துடைத்தேன். பிரைமரும் சேர்ந்து வந்தது.

இரண்டாவது, மறைப்பே இல்லாமல் கையால் அடிப்பது. 0.2 மில்லிமீட்டர் ஊசி, 12 பிஎஸ்ஐ காற்றழுத்தம், பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் இரண்டரை. முதல் அரைமணி நேரம் அருமையாகப் போனது. இடது இறக்கை முடிந்ததும் குழாயில் தேங்கிய ஈரம் ஒரு சொட்டாக வந்து விழுந்தது. வலது இறக்கையின் வேரில் சிலந்திக் கால்கள் பரவின. மழைக்காலத்தில் கம்ப்ரஸரின் நீர்ப்பொறியை மட்டும் நம்பக் கூடாது. ஏர்பிரஷின் பிடிக்கு அருகிலேயே இன்னொரு சிறு வடிகட்டியைப் பொருத்திய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. இருநூறு ரூபாய்ப் பொருள். முன்பே வாங்கியிருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

மூன்றாவது முறை இரண்டையும் கலந்தது. வடிவத்தை 1/48 அளவில் அச்செடுத்து, கொஞ்சம் கனமான காகிதத்தில் வெட்டிக்கொண்டேன். ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, கடுகளவு ப்ளூடேக் உருண்டைகளை வைத்துக் காகிதத்தை ஒட்டினேன். காகிதம் பரப்பை விட்டு அரை மில்லிமீட்டர்தான் தூக்கி நிற்க வேண்டும். இதற்கு ஒரு சோதனை உண்டு: மறைப்பின் அடியில் மடித்த செய்தித்தாள் துண்டு வழுக்கிப் போக வேண்டும், இரண்டாக மடித்த விசிட்டிங் கார்டு போகக் கூடாது. பிறகு ஏர்பிரஷை நேர் செங்குத்தாக, காகிதத்தின் மேலிருந்தே தொடங்கி வெளிப்பக்கமாக அடித்தேன். உள்நோக்கி ஒரு வீச்சுகூடக் கூடாது. மெல்லிய பூச்சுகளாக ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம். மூக்கின் வளைவில் காகிதம் படியவில்லை. அந்த இடத்தை மட்டும் கையால் அடித்தேன். கையால் அடித்தது எங்கே, காகிதம் வைத்தது எங்கே என்று இப்போது எனக்கே தெரியவில்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வண்ணத்தின் மேல் எனக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், அது அந்த விங்கின் கதையோடு பின்னியது. 8வது விங் பெரும்பாலும் சொந்த நாட்டுக்கு வெளியிலேயே வாழ்ந்த விங். 1948 ஆகஸ்டில் ஜப்பானின் அஷியாவில் தொடங்கி, அடுத்த ஆண்டு இட்டாசுகேக்குப் போனது. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்த மூன்றாவது நாளே அதன் 35வது ஸ்குவாட்ரன் எஃப்-80 ஜெட்டுகளோடு வட கொரியாவின் நான்கு இல்-10 விமானங்களை வீழ்த்தியது. போருக்குப் பிறகு மறுபடி இட்டாசுகே. 1964இல் கலிபோர்னியாவின் ஜார்ஜ் தளம். அங்கே ஒன்றரை ஆண்டுகூட முழுதாக இருக்கவில்லை. 1965 டிசம்பரில் உபோன்.

உபோன் ராட்சதானி என்ற ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். ‘உபோன்’ என்பது நம் உற்பலம். ‘ராட்சதானி’ என்பது ராஜதானி. லாவோஸ் எல்லைக்கு அருகே ‘உற்பல ராஜதானி’ என்று பெயர் கொண்ட ஊரிலிருந்து ஃபேண்டம்கள் ஹனோய்க்குப் பறந்திருக்கின்றன. ஆஸ்திரேலிய விமானப்படையின் 79வது ஸ்குவாட்ரன் சேபர் விமானங்களோடு அதே தளத்தில் 1968 வரை இருந்தது. அந்தச் சேபரையும் பக்கத்தில் வைக்க ஆசை. முதலில் இது முடியட்டும்.

1966 செப்டம்பர் கடைசியில் ஓல்ட்ஸ் அங்கே தளபதியாக வந்தார். இரண்டாம் உலகப் போரில் பி-38, பி-51 விமானங்களில் 12 எதிரி விமானங்களை வீழ்த்தியவர். வந்ததும் அவர் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாக வந்த விமானியைப் போலத் தன் பெயரைப் பட்டியலில் போட்டுக்கொண்டு, தனக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகள் தலைமையேற்ற பயணங்களில் பின்னால் பறந்து பழகினார். துணைத் தளபதி டேனியல் ‘சாப்பி’ ஜேம்ஸ். 1975இல் அமெரிக்காவின் முதல் கறுப்பின நான்கு நட்சத்திர ஜெனரலாக உயர்ந்தவர். இந்த விங்குக்கு ‘ஓநாய்க் கூட்டம்’ என்ற பெயர் நிலைத்ததும் ஓல்ட்ஸ் காலத்தில்தான்.

1967 ஜனவரி 2இன் போலோ நடவடிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கிறது. குண்டு சுமந்து வரும் எஃப்-105 விமானங்களைத்தான் வட வியட்நாமின் மிக்-21கள் தேடி வந்தன. ஃபேண்டம்களைக் கண்டால் ஒதுங்கிக்கொண்டன. அதனால் ஃபேண்டம்களையே எஃப்-105 வேடம் கட்டி அனுப்பினார்கள்: அதே வழி, அதே உயரம், அதே வேகம், அவை சுமக்கும் ரேடார் குழப்பும் கருவிகள், அவற்றின் வழக்கப்படி கார் பெயர்களில் அழைப்புக் குறிகள். ஓல்ட்ஸ் (ஓல்ட்ஸ்மொபைல் கார்), ஃபோர்டு, ராம்ப்ளர். முதல் அணியின் பெயரும் தளபதியின் பெயரும் ஒன்றாக இருப்பது அதனால்தான். திட்டத்தைத் தீட்டியவர்களில் முக்கியமானவர் கேப்டன் ஜான் ஸ்டோன். ஃபுக் யென் விமானதளத்தின் மேல் கனத்த மேகம். அதைத் துளைத்து மேலே வந்த மிக்-21களில், அமெரிக்கக் கணக்குப்படி அன்று ஏழு விழுந்தன. ஃபேண்டம் தரப்பில் இழப்பு இல்லை. ஓல்ட்ஸ் ஏவிய முதல் ஸ்பேரோ ஏவுகணைகள் இலக்கைப் பிடிக்கவில்லை. ஒரு மிக்கின் மேலாக உருண்டு அதன் பின்னால் வந்து விழுந்து, சைட்வைண்டர் ஏவுகணையால் அதன் இறக்கையைப் பிய்த்தார்.

ஆனால் போலோ நாளில் அவர் ஓட்டியது 829 அல்ல. 829இல் அவர் பறந்தது மே 20 அன்று, பின்னிருக்கையில் லெப்டினன்ட் ஸ்டீபன் குரோக்கர். அன்று இரண்டு மிக்-17கள், ஒன்று ஸ்பேரோவால், மற்றொன்று சைட்வைண்டரால். அந்தப் போரில் வியட்நாமில் அவர் கணக்கு மொத்தம் நான்கு. அதே நாளில் அதே விங்கின் இன்னொரு ஃபேண்டமும் வீழ்ந்தது. அதிலிருந்த இருவரும் சிறைப்பட்டு 1973இல்தான் வீடு திரும்பினார்கள். வீழ்த்திய மிக்குகளைக் குறிக்கும் சிவப்பு நட்சத்திர டிகாலை (ஒட்டுப்படம்) கையில் எடுக்கும்போது அந்த ஆறு ஆண்டுகளும் என் நினைவுக்கு வருகின்றன. இறக்கையின் கீழ் ஆயுதங்களை அடுக்கும்போது இரண்டு விமானங்களையும் மனதில் வைத்துத்தான் அடுக்குகிறேன்.

‘ஸ்கேட்’ என்பது வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஓல்ட்ஸின் அறைத் தோழருக்கு வழங்கிய செல்லப்பெயர். பார்வைக் குறையால் அவர் விமானியாக முடியவில்லை. அதனால் ஓல்ட்ஸ் தான் ஓட்டிய விமானங்களுக்கெல்லாம் வரிசையாக அந்தப் பெயரையே வைத்தார். இது இருபத்தேழாவது.

சைட்வைண்டர் பற்றி ஒரு வார்த்தை. 1967ஆம் ஆண்டு விமானத்துக்கு ஏஐஎம்-9பி வகை வேண்டும். முன் துடுப்புகள் சிறிய முக்கோணங்கள். பிற்கால வகை ஏவுகணையைத் தொங்கவிட்ட எஃப்-4சிகளைக் கண்காட்சிகளில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பிளாஸ்டிக் துடுப்புகளை 600 எண் உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கினேன். எட்டில் ஒன்று உடைந்தது. எஃப்-4சிக்குள் பீரங்கி கிடையாது, எல்லாம் ஏவுகணைதான். வயிற்றில் தொங்கவிடும் பீரங்கிப் பெட்டியை ஓல்ட்ஸ் தன் விங்குக்கு விரும்பவில்லை. ஆகவே நடுவில் எரிபொருள் தொட்டி மட்டும். மே கடைசியில் எஃப்-4டி வந்தபோது கூடவே வந்த ஃபால்கன் ஏவுகணையை அவர் வெறுத்தே ஒதுக்கி, விமானங்களுக்குச் சைட்வைண்டருக்கான வயரிங்கைப் போடச் சொன்னார்.

பெயின்ட் கிடைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லாக்கர் வகையை விமானப் பார்சலில் ஏற்ற மாட்டார்கள், தரைவழியாக வரும். இந்த முறை ஒரு விற்பனையாளர் அனுப்பிய 303 சீசா மூடி தளர்ந்து, பாதி பெட்டிக்குள் ஊறிக் கிடந்தது. புகார் சொன்னதற்கு ஒன்பது நாள் கழித்து ஒரு வரி பதில். இனிமேல் இரண்டு சீசாவாக வாங்குவேன். ஒவ்வொரு மூடிக்கும் டேப் சுற்றி அனுப்புகிற பழைய கடைக்காரரிடமே வாங்குவேன். விலை கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை.

அடுத்தது பற்றி இரண்டு எண்ணங்கள். ஒன்று, மோனோகிராமின் பழைய 1/48 எஃப்-80. மேஜர் சார்லஸ் லோரிங்கின் விமானம். 1952 நவம்பர் 22 அன்று கொரியாவில், அடிபட்ட தன் ஜெட்டை நேராக எதிரியின் பீரங்கி நிலைகள் மேல் திருப்பி மோதியவர்; மறைவுக்குப் பின் மெடல் ஆஃப் ஆனர் பெற்றவர். அவரும் இதே 8வது விங்தான். மற்றொன்று குன்சானின் எஃப்-16. உபோன் அத்தியாயம் 1974இல் முடிந்ததும் விங் கொரியாவின் குன்சானுக்குப் போனது. 1981இல் எஃப்-16 வந்தது. ஓநாய்க் கூட்டம் என்ற பெயர் அங்கேயும் தொடர்கிறது. மூன்றையும் ஒரே பலகையில் வரிசையாக வைத்தால் ஒரு விங்கின் முழு ஆயுளும் தெரியும். உபோனிலேயே இன்னொன்றும் செய்யலாம்: 1972 மே 13 அன்று லேசர் குண்டுகளோடு வட வியட்நாமின் ‘தான் ஹோவா’ பாலத்தைச் சாய்த்த ஃபேண்டம்களில் ஒன்று. 1965 ஏப்ரலிலிருந்து சாதாரணக் குண்டுகளுக்கு அசையாத பாலம் அது. லேசர் குண்டுகளை 1968இலேயே போரில் சோதித்துப் பார்த்ததும் இதே விங்.

இப்போது மேசையில் மிச்சம் இருப்பது வால் பகுதி. எஞ்சின் வாய்களுக்குப் பின்னால் பெயின்ட் இல்லாத வெற்று உலோகம். வெப்பத்தில் வைக்கோல் நிறம், செம்பு, மெல்லிய நீலம் என்று மாறி மாறித் தெரிய வேண்டும். அலுமினியத்தின் மேல் நீர்த்த பழுப்பு, அதன் மேல் நீலம் என்று பிளாஸ்டிக் ஸ்பூன்களில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஸ்பூனில் நீலம் தூக்கல். இரண்டாவதில் தகடுகள் எல்லாம் ஒரே சாயல். நிஜத்தில் ஒவ்வொரு தகடும் வெவ்வேறு. மூன்றாவதில் தகடுகளை டேப்பால் தனித்தனியாகப் பிரித்து அடித்தேன், ஓரளவு நெருங்கிவிட்டது. பளபளப்பு வார்னிஷும் வாலில் 433வது ஸ்குவாட்ரனின் குறியான எஃப்ஜி எழுத்துகளும் அதற்குப் பிறகுதான். நாளை மாலை நான்காவது ஸ்பூன்.