ஸ்டில்டன் ஊரில் ஸ்டில்டன் செய்யக் கூடாது

பிரிட்டிஷ்காரர்களுக்குச் சாப்பாட்டு ரசனையே இல்லை என்று கிண்டல் செய்கிறவர்கள், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில் போய், உள்ளே பொருள் வைத்து மாவை மடித்துச் சுடும் பாஸ்டியைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசிப் பார்க்க வேண்டும். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள் டர்னிப், உப்பு, மிளகு. அவ்வளவுதான். கேரட் போட்டால் குற்றம்! ஓரத்தை மடித்துப் பின்னுவதும் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த பாதுகாப்பின்படி, கார்ன்வாலில் செய்தால் மட்டுமே அது ‘கார்னிஷ் பாஸ்டி’.

பக்கத்து டெவனோடு இன்னொரு சண்டை. ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியில் டெவன்காரர்கள் கிரீமை முதலில் தடவுவார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாமை. 2018இல் கார்ன்வாலின் லான்ஹைட்ராக் மாளிகை விளம்பரத்தில் கிரீம் அடியில் இருந்தது. ஊர் கொதித்துப் போனது. (நான் ஜாம் கட்சி. கிரீம் மேலே இருந்தால் அள்ளி வைக்கலாம்.)

எனக்குப் பாவமாக இருப்பது ஸ்டில்டன் கிராமம்தான். 18ஆம் நூற்றாண்டில் அங்கே பெல் விடுதியில் குதிரை வண்டிப் பயணிகளுக்கு விற்றுத்தான் ‘ஸ்டில்டன்’ என்ற நீலப் பூஞ்சை ஓடிய பாலாடைக்கட்டி பேர் வாங்கியது. இன்று டெர்பிஷையர், லெஸ்டர்ஷையர், நாட்டிங்காம்ஷையர் என்ற மூன்று மாவட்டங்களில் மட்டுமே அதைச் செய்யலாம். ஸ்டில்டன் இருப்பதோ கேம்பிரிட்ஜ்ஷையரில். சொந்த ஊரின் பெயரைத் தங்கள் பாலாடைக்கட்டிக்கு வைக்க அந்த ஊர்க்காரர்களுக்கே உரிமை இல்லை. இது என்ன நியாயம்?