பெரிய தாளும் எங்கட வாசிகசாலையின்ர வாங்கும்

என்ர பெறாமகள் இந்த முறை ஏ.எல் எழுதுறாள், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் அவளுக்கு ஒரு பாடம். போன கிழமை கொப்பியோட வந்து "சித்தி, ஒரு புரோட்ஷீற் பேப்பர், அதான் பெரிய தாளில வாற பேப்பர், தன்ர இலக்கு வாசகரை எப்பிடிக் கவருது எண்டு எழுதோணும், ஒருக்கா சொல்லித் தாங்கோ" எண்டாள். ரியூசனில குடுத்த நோட்ஸை வாங்கிப் பாத்தன், முழுக்க லண்டன் பேப்பருகளின்ர கதை. 1712ல அங்க பத்திரிகைக்கு முத்திரை வரி போட்டது, பெரிய தாள் எண்டா படிச்ச ஆக்களுக்கு, சின்னத் தாள் ரப்ளொயிட் எண்டா கிசுகிசுவுக்கு, பிறகு ரைம்ஸ் 2004ல சின்னத் தாளுக்கு மாறினது, கார்டியன் 2005ல ஒருக்காவும் 2018ல இன்னொருக்காவும் தாளைக் குறைச்சது, ரெலிகிராப் இன்னும் பெரிய தாளில வருது. எல்லாம் சரிதான். ஆனா அதை அப்பிடியே எங்கட பேப்பருக்குப் போட்டுப் பாத்தா பொருந்தாது பிள்ளை எண்டு சொன்னன். யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூட அதிபரும் அந்தப் பெரிய தாளைத்தான் வாசிக்கிறார், தோட்டத்தில வெங்காயம் கிண்டிப்போட்டு வாறவரும் அதைத்தான் வாசிக்கிறார்.

நான் பேப்பர் வாசிக்கப் பழகினது வீட்டில இல்லை, இணுவிலில எங்கட ஒழுங்கை முடக்கில இருந்த வாசிகசாலையில. நீட்டு மேசை ஒண்டு, ரெண்டு பக்கமும் வாங்கு. காலமை பேப்பர் வந்து விழுந்த உடன முதல் வாறவர் அதை விரிச்சுத் தாள் தாளாப் பிரிச்சுப் போடுவார். பன்னிரண்டு பக்கப் பேப்பர் எண்டா மூண்டு தாள், ஒரு தாளில நாலு பக்கம், ஒருத்தர் முன்பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்க எதிர் வாங்கில இருக்கிறவர் அதின்ர பின்பக்கத்தில விளையாட்டுச் செய்தி வாசிப்பார், அவர் முடிக்கிறதுக்கு முதல் இவர் தாளைத் திருப்பினா ஒரு சத்தம் வரும் "பொறும் பொறும்" எண்டு. ஒரு பேப்பரை ஒரே நேரத்தில ஆறு பேர் வாசிச்சதை நான் கண்ணால கண்டனான். சின்னத் தாளில, பின் அடிச்ச புத்தகத்தில இது நடக்காது. பெரிய தாள் வாசகரைக் கவருற முதல் விசயம் இதுதான் எண்டு நான் நினைக்கிறன், அது ஒரு ஊர் கூடி இருந்து வாசிக்கிற அளவில இருக்கு.

இரண்டாவது, மரண அறிவித்தல். எங்கட அப்பா தலைப்புச் செய்தியை ஒரு கண் பாத்திட்டு நேர அந்தப் பக்கத்துக்குத்தான் போவார். வெளியூர் ஆக்களுக்கு இது என்னவோ மாதிரித் தெரியலாம். ஆனா ஒரு பெரிய பக்கத்தை விரிச்சு வச்சா வரிசை வரிசையாப் படங்கள், ஒவ்வொண்டுக்கும் கீழ ஒரே வாய்ப்பாட்டில எழுத்து, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும் இன்னாரின் பாசமிகு தாயாரும் எண்டு, கடைசியா "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்". அந்த ஒரு வரியிலயே ஒரு சீவியத்தின்ர வரைபடம் இருக்கு. புங்குடுதீவில பிறந்து ரொறன்ரோவில செத்தவர், கரவெட்டியில பிறந்து பாரிஸில செத்தவர். தகனம் எத்தினை மணிக்கு, கோம்பயன்மணலா வேற மயானமா எண்டு பாத்துத்தான் அண்டைய நாள் வேலையை ஒழுங்கு படுத்திற ஆக்கள் எங்கட ஊரில நிறையப் பேர்.

அப்பா 2015ல போனவர். அறிவித்தல் நாங்கள்தான் எழுதிக் குடுத்தது, மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் இணுவிலை வதிவிடமாகவும் கொண்ட எண்டு. ஒரு பேப்பரில அது மாவிட்டபுரம் எண்டு மாறி வந்திட்டுது. விடிய ஏழு மணிக்கு முதல் போன் அடிக்கத் தொடங்கினது, உரும்பிராயில இருந்து, பருத்தித்துறையில இருந்து, கொழும்பில இருந்து, எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, "உங்கட கொப்பர் மயிலிட்டியெல்லே, ஏன் மாத்திப் போட்டிருக்கு?" 1990ல மயிலிட்டியில இருந்து சனம் முழுக்க எழும்பினது, பிறகு அது ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போட்டுது, துறைமுகத்தைத் திருப்பி விட்டதே 2017ல, அப்பா அதைக் காணேல்லை. இருபத்தைஞ்சு வருசமாக் கால் வைக்கேலாத ஊரின்ர பேர் அவருக்குப் பக்கத்தில ஒரு தாளிலயாவது சரியா வரவேணும் எண்டு எங்களுக்கு அண்டைக்கு இருந்த பதைப்பு இப்பவும் ஞாபகம் இருக்கு. அடுத்த நாள் திருத்திப் போட்டவை. அந்தத் திருத்தின தாளை நான் அலுமாரியில வச்சிருக்கிறன்.

அதாலதான் சொல்லுறன், இந்தப் பேப்பருகளின்ர இலக்கு வாசகர் ஆர் எண்டு கேட்டா வயசு, வருமானம், படிப்பு எண்டு பிரிக்கிறதில பிரயோசனம் இல்லை. ஊர்ப் பேரைக் கண்டா கண் நிக்கிற ஆக்கள்தான் வாசகர். சொல்லுகளையும் பாருங்கோ. உள்ளூர்ப் பேப்பர் "குடாநாட்டில்" எண்டு எழுதும், அதுக்கு முன்னால எந்தக் குடாநாடு எண்டு விளக்கம் தேவையில்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைஞ்சு நாளும் படத்தோட வரும், புலமைப்பரிசில் முடிவு வந்தா பிள்ளையளின்ர முகம் வரும், பேப்பரை வாங்கிக்கொண்டு போய் அம்மம்மாவுக்குக் காட்டுவினம். கடையில கயித்தில கிளிப் போட்டுத் தொங்கவிட்டா மடிப்புக்கு மேல இருக்கிறதுதான் றோட்டால போற சைக்கிள்காரருக்குத் தெரியும், அதால அந்த அரைப் பக்கத்துக்குள்ள காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், தேர்தல், விபத்து எல்லாம் கொட்டை எழுத்தில நெருக்கிக்கொண்டு நிக்கும். சில நாள் தலைப்பு செய்தியை விடக் கூடச் சத்தம் போடுது, அதை நான் விரும்பிறதில்லை, உள்ளுக்குப் போய் வாசிச்சா ஒரு பந்திதான் இருக்கும்.

நம்பிக்கை எண்டது வேற கணக்கு. 1841ல உதயதாரகைப் பேப்பர் வந்த மண் இது. 1959ல ஈழநாடு பேப்பர் துவங்கினது, 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச நாளையில அந்தப் பேப்பரின்ர அலுவலகத்தையும் எரிச்சவை. 1985ல வந்த உதயன் பேப்பரின்ர அலுவலகத்துக்குள்ள 2006 மே 2ஆம் திகதி புகுந்து சுட்டதில ரெண்டு ஊழியர் செத்தவை, 2013 ஏப்ரலில அச்சு இயந்திரத்துக்கு நெருப்பு வச்சவை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, அச்சுத்தாள் இல்லை, கோடு போட்ட கொப்பித் தாளில வந்த பேப்பரை நான் குப்பி விளக்கில வாசிச்சிருக்கிறன், கோட்டுக்கு மேல எழுத்து ஏறிக் கண் நோகும், எண்டாலும் வாசிச்சனாங்கள். 2006 ஆகஸ்டில தெற்கில இருந்து வாற ஏ9 றோட்டைப் பூட்டின பிறகும் அதே பாடுதான், தாள் வராமல் பக்கம் குறைஞ்சு குறைஞ்சு போச்சு, பிரிச்சு வாசிக்கத் தாள் இல்லாமல் ஒருத்தர் உரத்து வாசிக்க மற்றவை கேட்டுக்கொண்டு இருந்தவை. இவ்வளவையும் தாண்டி வீட்டுப் படலைக்கு வந்த ஒரு சாமானில சனத்துக்கு இருக்கிற பற்றை எந்த விளம்பரக்காரராலயும் உண்டாக்கேலாது.

இப்ப மரண அறிவித்தல் போனிலயே வருது, லண்டனில இருக்கிற தம்பி எனக்கு முதலே பாத்திட்டு அடிக்கிறான். 2022ல தாள் விலை ஏறி கொழும்பில ஐலண்டும் திவயினவும் சனிக்கிழமைப் பேப்பரையே நிப்பாட்டினவை. எனக்கு உண்மையாக் கவலையா இருக்கு. எங்கட வாசிகசாலை வாங்கில இப்ப காலமையில ரெண்டு பேர்தான், ரெண்டு பேரும் எழுபது தாண்டினவை.

பெறாமகளுக்கு அலுமாரியில இருந்த அந்தத் தாளை எடுத்து விரிச்சுக் காட்டினன், மடிப்பில மஞ்சளாகிக் கிழியப் பாக்குது. "அம்மப்பான்ர படத்தை மட்டும் வெட்டி வச்சிருக்கலாமே சித்தி" எண்டு கேட்டாள். அண்டைக்கு அவரோட அந்தப் பக்கத்தில இன்னும் ஒன்பது பேர் இருக்கினம், நான் எப்பிடி வெட்டுறது எண்டன். அவள் ஒவ்வொண்டா வாசிக்கத் தொடங்கினாள், பிறப்பிடம் ஒரு பக்கம் வதிவிடம் ஒரு பக்கமா ஊர்ப் பேருகளைக் கொப்பியில எழுதிக்கொண்டு, தேத்தண்ணி ஆறிப்போச்சு.