ஹூ கம், ஹூ கம்ஸ்: பன்மையில் பெயரெச்சம் கைகொடுக்கும் இடம்

‘தாமதமாக வரும் மாணவன்’, ‘தாமதமாக வரும் மாணவர்கள்’. வருவது ஒருவனோ நாற்பது பேரோ, ‘வரும்’ அப்படியே நிற்கிறது. பெயருக்கு முன்னால் நின்று அதை விவரிக்கும் இந்த வினை வடிவம்தான் பெயரெச்சம். அது காலம் காட்டும், ஒருமையா பன்மையா என்ற எண்ணைக் காட்டாது. ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு இருக்கும் ஹூ, விச், தட் மூன்றும்கூட எண்ணைப் பார்த்து மாறுவதில்லை. மாறுவது அவற்றுக்கு அடுத்து வரும் வினை. ‘த பாய் ஹூ கம்ஸ் லேட்’, ‘த பாய்ஸ் ஹூ கம் லேட்’.

தமிழில் யோசித்து எழுதும்போது ‘த பாய்ஸ் ஹூ கம்ஸ் லேட்’ என்று கை போய்விடுவது இதனால்தான். நம் மொழியில் அந்த இடத்தில் எண்ணைக் கவனிக்கும் பழக்கமே தேவைப்படவில்லை. போதாக்குறைக்கு ஆங்கிலத்தின் ‘எஸ்’ எழுத்தும் குழப்புகிறது: பெயரோடு சேர்ந்தால் பன்மை, வினையோடு சேர்ந்தால் ஒருமை. பாய்ஸில் எஸ் இருக்கிறதே என்று வினைக்கும் ஒன்றைக் கொடுத்துவிடுகிறோம்.

எழுதிய வாக்கியத்தைச் சரிபார்க்க வழி எளிது. ஹூ, விச், தட் என்பதற்கு அடுத்த சொல் என்ன என்று பாருங்கள். நேரே வினை இருந்தால், அந்தத் தொடர் இடப்பக்கம் எந்தப் பெயரைப் பற்றியதோ அதன் எண்ணை வினைக்குக் கொடுங்கள். நடுவில் வேறொரு எழுவாய் புகுந்திருந்தால் வினை அந்த எழுவாய்க்குக் கட்டுப்பட்டது. ‘த புக்ஸ் தட் ஹி ரீட்ஸ்’ என்பதில் புத்தகங்கள் பல. ஆனால் படிப்பவன் ஒருவன். அதனால் ரீட்ஸ் சரி.

அத்தோடு விட்டுவிடக் கூடாது. வாக்கியத்துக்கு இன்னொரு வினை, முதன்மை வினை, பாக்கி இருக்கும். ‘த புக்ஸ் தட் மை பிரதர் பாட் ஆர் ஆன் த டேபிள்’. பக்கத்தில் பிரதர் இருப்பதால் ‘இஸ்’ என்று எழுதத் தோன்றும். ‘தட்’டிலிருந்து ‘பாட்’ வரை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்: ‘த புக்ஸ் ஆர் ஆன் த டேபிள்’. தொடர் நீள நீள இந்தத் தவறு கூடும். ஆறு, ஏழு சொல் தாண்டிய பிறகு எழுவாய் எது என்பதே மறந்துபோகும்.

எல்லாரும் இடறி விழும் இடம் ‘ஒன் ஆஃப் த’. ‘ரவி இஸ் ஒன் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ் ஹூ கம் லேட்’ என்பதா, ‘கம்ஸ்’ என்பதா? இங்கேதான் நம் பெயரெச்சம் கைகொடுக்கிறது. அது எந்தப் பெயரைச் சேர்ந்ததோ அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கும். ஆகவே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘தாமதமாக வரும் மாணவர்களில் ரவியும் ஒருவன்.’ ‘வரும்’ மாணவர்களைத் தழுவி நிற்கிறது, எனவே ‘கம்’. இப்போது ‘ஒன்லி’யைச் சேர்த்துப் பாருங்கள். ‘ரவி இஸ் த ஒன்லி ஒன் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ் ஹூ கம்ஸ் லேட்.’ தமிழில் இது ‘மாணவர்களில் தாமதமாக வரும் ஒரே ஆள் ரவிதான்.’ ‘வரும்’ இடம் மாறி ‘ஒரே ஆள்’ பக்கம் வந்துவிட்டது, எனவே ‘கம்ஸ்’. ஆங்கிலத்தில் இரண்டிலும் ஹூவுக்கு முன்னால் ஸ்டூடன்ட்ஸ்தான் நிற்கிறது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தமிழில் பளிச்சென்று தெரிகிறது.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் முதல் வாக்கியத்திலும் ‘கம்ஸ்’ என்று பேசுவதுண்டு, அச்சிலும் வருகிறது. ‘ஒருவன்’ என்ற எண்ணம் மனதில் முந்திக்கொள்வதால் அப்படி. பேச்சில் யாராவது சொன்னால் திருத்தப் போக வேண்டாம். தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் பன்மை போடுவதே பாதுகாப்பு.

‘த நம்பர் ஆஃப் பீப்பிள் ஹூ ஹேவ் டயபீட்டிஸ் இஸ் ரைசிங்’ என்பதும் இதே சாதி. நீரிழிவு இருப்பது மக்களுக்கு, அதனால் ‘ஹேவ்’. கூடுவது எண்ணிக்கை, அதனால் ‘இஸ்’. ஒரே வாக்கியத்தில் ஒன்று பன்மை, ஒன்று ஒருமை, இரண்டும் சரி.

பீப்பிள், போலீஸ் இரண்டும் எஸ் இல்லாமலே பன்மை. ‘எனிஒன் ஹூ வான்ட்ஸ்’ ஒருமை, ‘தோஸ் ஹூ வான்ட்’ பன்மை. தமிழில் இரண்டையும் ‘வேண்டுபவர்கள்’ என்றே சொல்லிவிடுவதால் இதில் கவனம் தேவை. ‘யாரிடம் டிக்கெட் இருக்கிறதோ அவர்கள்’ என்ற நம் வாக்கியப் போக்கில் ‘தோஸ் ஹூ ஹேவ் டிக்கெட்ஸ், தே கேன் கோ இன்’ என்றும் எழுதுவார்கள். அந்த ‘தே’ வேண்டாம். ‘தோஸ்’ ஏற்கெனவே எழுவாயாக உட்கார்ந்திருக்கிறது.

ஆட்களுக்குத் ‘தட்’ போடலாமா என்று பலர் தயங்குகிறார்கள். போடலாம். 1611-இல் வந்த ஆங்கில பைபிளிலேயே துயரப்படுகிறவர்களைக் குறிக்க ‘தே தட் மோர்ன்’ என்றுதான் இருக்கிறது. அதே நூலில் ஆட்களுக்கு ‘விச்’சும் வரும், அது மட்டும் இன்று வழக்கொழிந்துவிட்டது.

பன்மையில் கமா ஆளின் எண்ணிக்கையையே மாற்றிவிடும். ‘த பாசஞ்சர்ஸ் ஹூ வேர் இஞ்சர்ட் வேர் டேக்கன் டு ஹாஸ்பிட்டல்’ என்றால் காயம்பட்ட பயணிகளை மட்டும் கொண்டுபோனார்கள். பாசஞ்சர்ஸுக்குப் பின்னும் இஞ்சர்டுக்குப் பின்னும் கமா போட்டால் பயணிகள் எல்லாருக்குமே காயம், எல்லாரையும் கொண்டுபோனார்கள். ‘காயம்பட்ட பயணிகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்’ என்ற தமிழ் வாக்கியம் இரண்டுக்கும் இடம் தருவதால் இங்கே மொழிபெயர்த்துப் பார்த்துப் பயனில்லை. எல்லாருமா, சிலரா என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு எழுத வேண்டும். கமா போடும் தொடரில் ‘தட்’ வராது. ஹூ அல்லது விச்தான்.

பெயரெச்சம் நம்மைக் கவிழ்க்கும் இடமும் ஒன்று உண்டு. ‘நான் பள்ளிகளில் படித்தேன்’ என்பதைப் ‘நான் படித்த பள்ளிகள்’ ஆக்கும்போது ‘இல்’ உருபு காணாமல் போகிறது. தமிழுக்கு அது இயல்பு. அதே கையோடு ‘த ஸ்கூல்ஸ் ஐ ஸ்டடீட்’ என்று எழுதினால் ஆங்கிலத்தில் குறை. ‘த ஸ்கூல்ஸ் ஐ ஸ்டடீட் அட்’ என்று கடைசியில் அந்தச் சிறு சொல் நின்றாக வேண்டும். ‘த பீப்பிள் ஐ ஒர்க் வித்’, ‘த சேர்ஸ் வீ சேட் ஆன்’ எல்லாம் அப்படியே. முழு வாக்கியமாகச் சொல்லும்போது அட், வித், ஆன் போன்ற எந்த முன்னிடைச்சொல் வருமோ, அது தொடரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகையில் ஹூவின் இன்னொரு வடிவமான ‘ஹூம்’ போட வேண்டியதில்லை. பேச்சில் பெரும்பாலும் போடுவதும் இல்லை.

ஹூம் கட்டாயமாக வரும் இடம் வேறு. ‘ஐ ஹேவ் த்ரீ சன்ஸ், டூ ஆஃப் தெம் ஆர் அப்ராட்’ என்பதில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டியிருக்கிறோம். ‘டூ ஆஃப் ஹூம்’ என்று மாற்றினால் சரியாகிவிடும். பொருள்களுக்கு ‘டூ ஆஃப் விச்’.

வினையில் எஸ் வேண்டுமா என்ற சந்தேகமே எழாமல் தப்பிக்கவும் வழி உண்டு: ‘இங்’ வடிவம். ‘த மேன் வெயிட்டிங் அவுட்சைட்’, ‘த மென் வெயிட்டிங் அவுட்சைட்’. நம் பெயரெச்சம் போலவே எண்ணைக் கண்டுகொள்ளாத வடிவம் இது. ஆனால் நடக்கும் செயலுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். தெரிதல், பிடித்தல் மாதிரி நிலையைச் சொல்லும் வினைகளுக்கு ‘பீப்பிள் நோயிங் தமிழ்’ என்பது காதுக்கு ஒட்டாது. அங்கே ‘பீப்பிள் ஹூ நோ தமிழ்’ என்றே எழுத வேண்டும், எஸ் இல்லாமல்.