ஆந்தை என்ன சாப்பிட்டுச்சி?

ரெண்டு வாரமாச்சி, அந்தப் பையன் கேட்டது இன்னும் மண்டைய கொடையுது.

ரெண்டாம் ஆண்டு, நன்னெறிக் கல்வி பாடம், 14 பண்புல நன்மனம். அதுக்குத்தான் அந்தப் பெரிய படப் புத்தகத்த தூக்கிட்டுப் போனேன். எலிக்குஞ்சு ஒண்ணு மழையில அடிச்சிட்டு வருது, ஆந்தை அத திங்காம தன் பொந்துல வச்சி வளக்குது. படமெல்லாம் அவ்ளோ அழகு லா, ரெக்கைக்குள்ள எலி தூங்குற பக்கம் வந்ததும் பிள்ளைங்க எல்லாம் "ஐயோ பாவம்"னாங்க, சரி பாடம் ஏறிடுச்சின்னு நானும் குளுந்து போய் நின்னேன். அப்பதான் பின்னாடியிருந்து ஒருத்தன், "டீச்சர், அப்புறம் அந்த ஆந்தை என்ன சாப்பிட்டுச்சி?"

பழம் சாப்பிட்டுச்சின்னேன். யோசிக்கவே இல்ல.

"ஆந்தை பழம் சாப்பிடாது டீச்சர். எலிதான் பழம் சாப்பிடும்."

வகுப்பே சிரிச்சிடுச்சி. சிரிக்காதா பின்ன, மலேசியாவுல தெலுக் இந்தான் பக்கம், எண்ணெய் எடுக்குற செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைங்க, பழம்னா அதுங்களுக்கு எந்தப் பழம்னு எனக்குத் தெரியாதா? அவன் தாத்தாவே ஆந்தைப் பெட்டி மாட்டுறவரு, செம்பனைப் பழத்த திங்குற எலிய புடிக்க ஆந்தை வந்து தங்குற பெட்டி. பத்து ஹெக்டருக்கு ஒண்ணுன்னு கம்பத்துல ஏத்தி வச்சிருக்கிற பெட்டிய பாத்துட்டுத்தான் அவன் தெனம் பள்ளிக்கு வரான். நான் என்ன சொன்னேன்? "கதைய கெடுக்காத, உக்காரு."

திட்டல, சத்தியமா திட்டல. அரை மணி நேரப் பாடம், இன்னும் மூணு பக்கம் பாக்கி, பயிற்சி வேற செய்யணும், யாரா இருந்தாலும் அததான் சொல்லியிருப்பாங்க. கதைன்னா நரி பேசும் காக்கா பாடும், அதையெல்லாம் நோண்டிட்டு இருந்தா கதையே சொல்ல முடியாது. ஆனா அவன் ஆந்தை எப்படி பேசுச்சின்னு கேக்கல, அதுக்குப் பசிச்சிருக்குமேன்னு கேட்டான். இது எனக்கு வீட்டுக்குப் போய் சோறு வடிக்கும்போதுதான் உறைச்சிச்சி.

போன வாரம் கடைத்தெருவுல அவன் தாத்தாவ பாத்து சும்மா ஆந்தைப் பேச்ச எடுத்தேன். "முன்ன ஒரு மருந்து வச்சோம் டீச்சர், மருந்து தின்ன எலிய ஆந்தை தின்னு அதுவும் செத்துச்சி, இப்ப பெட்டி இருக்கிற எடத்துல பாத்துத்தான் வைப்போம்"னாரு. எலிய கொல்லுற ஆந்தைக்காக மருந்து பாத்து வைக்கிறாங்க, இத எந்தப் பண்புல சேக்கிறதுன்னு தெரியல. ஏழு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லணுமான்னும் இருக்கு. வேணாம்னுதான் இப்பவும் நெனைக்கிறேன். ஆனா அவனுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

படிச்ச கதைய பத்தி பிள்ளைங்க எழுதி வைக்கிற நிலாம் புத்தகத்துல, அவன் படிப்பினைன்னு இருக்கிற எடத்துல "ஆந்தை பசியாக இருந்தது"ன்னு எழுதியிருந்தான். சரி போடவும் மனசு வரல, தப்பு போடவும் கை வரல, கையெழுத்த மட்டும் போட்டுக் கொடுத்துட்டேன்.

நேத்து வேற கதை, முயல் கதை. வாசிச்சி முடிச்சிட்டு அவன் பக்கமாவே பாத்து, யாருக்காவது கேள்வி இருக்கான்னு கேட்டேன்.

"இல்ல டீச்சர்"னான்.