கைக்கு ஒரு வேலை கொடுங்கள்

மும்பையில், தாராவிக்குப் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்குவது என் தொழில். பக்கவாதம் வந்தவர்கள், பட்டறையில் விரல் வெட்டுப்பட்டவர்கள், மூட்டுவாதத்தில் கை மடங்கிப்போனவர்கள் வருவார்கள். நிறையப் பேர் தமிழர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்து தங்கிய குடும்பங்கள். தோல் பை தைக்கிறவர், விடியுமுன் இட்லி அவித்து விற்கிறவர், முறுக்குச் சுடுகிறவர், பூ கட்டுகிறவர் என்று எல்லோரும் கையை நம்பிப் பிழைத்தவர்கள். கை நின்றுபோனால் வருமானத்தோடு சேர்ந்து பேச்சு குறைகிறது, சாப்பாடு குறைகிறது, தூக்கமும் போய்விடுகிறது.

அப்படி வந்தவர்தான் ஒரு பூக்கார ஆச்சி. பக்கவாதத்தில் இடது கை பலவீனமாகிவிட்டது. எங்கள் மேஜையில் பெக் போர்டு இருக்கும். துளை போட்ட பலகையில் சின்னச் சின்னக் குச்சிகளைச் செருகி எடுக்க வேண்டும். விரல் பிடிப்புக்கு நல்ல பயிற்சிதான். ஆச்சி சில நாள் பொறுமையாகச் செய்தார். பிறகு கேட்டார்: "இந்தக் குச்சியைச் செருகிச் செருகிப் புடுங்கி என்னம்மா ஆவப் போவுது? சாயந்தரம் பாத்தா கையில ஒண்ணும் இல்லையே."

அவர் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. தாதர் பூ மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கிப் போனேன். எடுத்தவுடன் மல்லியைக் கொடுக்கவில்லை. முதலில் கேந்தி. பெரிய பூ, உள்ளங்கையில் நிற்கும். இடது கையில் பிடித்துக்கொண்டு நீள ஊசியால் கோர்த்தால் போதும். அப்புறம் சம்பங்கி. அதற்கும் அப்புறம்தான் மல்லி.

பூ கட்டுவதைப் பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, காம்போடு காம்பு சேர்த்து இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்க வேண்டும். வலது கை நூலைச் சுற்றி, விரலில் சுருக்குப் போட்டு, காம்பின் மேல் இறக்கி இழுக்கும். அதிகம் இறுக்கினால் காம்பு நறுக்கிப் போகும், தளர்ந்தால் பூ உதிரும். அந்த அளவு விரல் நுனிக்குத்தான் தெரியும். இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்துகொண்டே ஒன்றுக்கொன்று காத்திருக்கவும் வேண்டும். நாங்கள் தனித்தனிப் பயிற்சியாகப் படித்தது அத்தனையும் இந்த ஒரு முடிச்சில் இருக்கிறது.

முதலில் கட்டிய சரம் தொளதொளவென்று இருந்தது. ஆச்சி யாரும் சொல்லாமலே அவிழ்த்து மறுபடி கட்டினார். பெக் போர்டில் அவர் அப்படித் திரும்பச் செய்ததே இல்லை. ஒருநாள் ஒரு முழம் தேறியது. வரவேற்பில் இருக்கும் மராத்திப் பெண்ணைக் கூப்பிட்டு அதைத் தானே அவள் தலையில் வைத்துவிட்டார். அன்றைக்கு வாய் ஓயாமல் பேசினார், எந்த மாதம் எந்தப் பூ விலை ஏறும், மழைக்காலத்தில் மொட்டு எப்படி அழுகும் என்றெல்லாம்.

எங்கள் தொழிலே கைவேலையில் பிறந்ததுதான். அமெரிக்காவில் 1917-ல் இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கூடை முடையவும் நெய்யவும் மரவேலை செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் பள்ளியை 1950-ல் இதே மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர். உடலை அசைக்கும் மூளைப் பகுதியில் கைக்கும் விரல்களுக்கும் ஒதுக்கிய இடம் மிகப் பெரியது. பக்கவாதத்துக்குப் பிறகு மூளைக்கும் கைக்கும் இடையிலான பாதைகள் திரும்ப அமைய, அர்த்தமுள்ள ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது உதவும் என்பது இன்று பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பச் செய்ய மனசு வர வேண்டுமே! அந்த மனசைக் கொடுப்பது கையால் செய்து முடித்த பொருள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோல் பட்டறைக்கார அண்ணன் ஒருவர். கத்தி நழுவி விரலில் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாண், அறுந்து தைத்திருந்தார்கள். இதில் அவசரம் கூடாது. தைத்த தசைநாண் நன்றாகப் பலப்பட சுமார் 12 வாரம் ஆகும். அதற்குள் அழுத்திப் பிடித்தால் மறுபடி அறுந்துவிடலாம். அந்தக் காலம் கழிந்த பிறகு மெழுகு தேய்த்த நூலும் இரண்டு ஊசியும் கொடுத்தோம். ஒரே துளையில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஊசியை விட்டு இழுக்கும் தையல். சின்னதாக ஒரு சாவி உறை தைத்தார். "தையல் நேரா விழுந்தா அன்னைக்குத் தூக்கம் வருது மேடம்" என்றார். அவர் தூக்க மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தவர்.

வீட்டுக்காரர்களிடம் நான் மன்றாடுவது ஒன்றுதான். நம் வீடுகளில் பாசம் வந்தால் முதலில் பெரியவர்கள் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிவிடுகிறோம். "நீங்க சும்மா உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்." வேண்டாம். முருங்கைக்கீரை ஆயக் கொடுங்கள், பூண்டு உரிக்கக் கொடுங்கள். ஒரு மணி நேரம் ஆகட்டும். அவர் ஆய்ந்த கீரையை அன்றைக்கே சமையுங்கள். அவர் பார்க்கிற மாதிரி ஓரமாகக் கொட்டிவிடாதீர்கள். உணர்ச்சி குறைந்த கையாக இருந்தால் மட்டும் அடுப்பையும் அரிவாள்மனையையும் தள்ளி வையுங்கள், சுட்டாலும் வெட்டினாலும் அவருக்குத் தெரியாது.

மாலை லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் பட்டாணி உரிக்கிறவர்களையும் குரோஷா பின்னுகிறவர்களையும் பார்க்கிறேன். நாள் முழுக்கக் கணினியில் தட்டிக் களைத்த முகங்கள் அந்த அரை மணி நேரத்தில் இளகிவிடுகின்றன. நோய் வந்தவர்களுக்கு மட்டுமான விஷயமில்லை இது.

பெக் போர்டு இன்னும் எங்கள் மேஜையில் இருக்கிறது. முன்னேற்றத்தை அளக்க அது தேவை. பக்கத்தில் இன்னொரு மேஜை கேட்டிருக்கிறேன். பூ, நூல், தோல் துண்டு, கொஞ்சம் களிமண் வைக்க. களிமண்ணுக்கு, தாராவியில் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடா நடந்துபோகிற தூரம்தான். தோல் அண்ணன் வாரம் ஒருநாள் வந்து தையல் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். நிர்வாகம் மேஜைக்குச் சரி சொல்லிவிட்டது, இடம்தான் இன்னும் முடிவாகவில்லை. ஜன்னல் பக்கம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சம் வேண்டுமே.