பாப்பாவுக்கு ஸ்ட்ரோக் மதிப்பெண் போட்டபோது

சாப்பிட்டுக்கொண்டிருந்த பாப்பாவின் கையிலிருந்து இட்லி நழுவி விழுந்தது. வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பக்கவாதம் வருமென்று எனக்கும் தோன்றவில்லை, முதலில் காட்டிய கிளினிக்கிலும் தோன்றவில்லை. சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போன மூன்று மணி நேரத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்பாடு நடக்கும்போதே குழந்தைகள் நரம்பியல் டாக்டர் ஒரு படிவத்தோடு வந்தார். பெரியவர்களுக்கான ஸ்ட்ரோக் அளவுகோலை 2 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்காக மாற்றி அமைத்தது அது. மதிப்பெண் 0 முதல் 42 வரை. கூடக்கூட பாதிப்பு அதிகம்.

"உனக்கு எத்தனை வயசு கண்ணு?" விரலால் காட்டினாலும் சரிதான் என்றார். வலது கை எழவில்லை. இடது கையில் ஐந்து விரல் காட்டி, மடக்கி, மறுபடி இரண்டு காட்டினாள். "அம்மா எங்கே?" கண் என் பக்கம் திரும்பியது. பெரியவர்களிடம் இந்த இடத்தில் இது எந்த மாதம் என்று கேட்பார்களாம்.

அப்புறம் கையை நீட்டி 10 விநாடி பிடிக்கச் சொன்னார். வலது கையைத் தூக்கிவிட்டார், அது அப்படியே இறங்கி மெத்தையைத் தொட்டது. என்னை அறியாமல் தாங்கப் போனேன். படத்தைக் காட்டிப் பெயர் கேட்டபோதும் முதல் எழுத்தை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். "சொல்லிக் கொடுக்காதீங்கம்மா. இப்போ உதவி செஞ்சா மதிப்பெண் குறைஞ்சு தெரியும். ராத்திரி டியூட்டி டாக்டர் பார்க்கும்போது நிஜமாவே மோசமாச்சா, இல்லையான்னு எங்களுக்குத் தெரியாமப் போயிடும்" என்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தச் சில நிமிடங்கள்தான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தன.

மொத்தம் 8. இது அதிகமா, குறைவா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அடுத்த எண்ணோடு வைத்துப் பார்க்கத்தான் இந்த எண் என்றார். நான்கு மாதம் முன்பு அவளுக்குச் சின்னம்மை வந்திருந்ததையும் விசாரித்தார். அதற்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு மூளை ரத்தக்குழாய் அழற்சியால் சுருங்குமாம். எம்.ஆர்.ஐ.யில் அதுதான் தெரிந்தது. ஆஸ்பிரின் ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காலையும் 8. மாலையில் 6. வீட்டுக்கு வரும்போது 3.

அந்த 3 வந்த பிறகும் அவளுக்குச் சட்டைப் பட்டன் போட வரவில்லை. கேட்டபோது, இந்த அளவுகோல் விரல்களின் நுணுக்கத்தைப் பார்ப்பதில்லை என்றார் டாக்டர். அதற்காகத்தான் இப்போது வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போகிறோம். மேல் பட்டன் மட்டும் இன்னும் பாக்கி.