தூளி: ‘தஹிதி’ படைக் கப்பல் நாட்குறிப்பு

ஜூலை 10, 1918
நியூசிலாந்தின் வெலிங்டனிலிருந்து கிளம்பிவிட்டோம். படைவீரர்கள் மட்டும் 1,117 பேராம். துறையில் கையசைத்தவர்களில் அம்மா இல்லை. வர வேண்டாம் என்று நான்தான் எழுதியிருந்தேன்.

ஜூலை 14
எந்தக் கணக்கில் பிரித்தார்களோ, எனக்கு அறையில் கட்டில் கிடைத்தது. தச்சருக்குக் கீழ்த்தளத்தில், சாப்பாட்டு மேசைக்கு மேலே கட்டித் தொங்கும் தூளி. வயது நாற்பத்து நான்கு, மூன்று பெண் குழந்தைகள். கல்யாணமானவர்களையும் படைக்கு அழைக்கத் தொடங்கியதில் மாட்டிக்கொண்டவர். “அம்மா ஆட்டியது போதாதென்று இப்போது ராஜாவே தூளி கட்டி ஆட்டுகிறார், தம்பி” என்கிறார். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறார்.

ஜூலை 16
மாற்றிக்கொண்டோம். முதலில் மறுத்தார். பிறகு மடக்கு அளவுகோலை எடுத்து அறையை நீளம், அகலம், உயரம் என்று அளந்தார். “நான்கு பேருக்கு இந்த அளவில் கோழிக்கூண்டுகூடச் செய்து தர மாட்டேன்” என்றார். ஆனாலும் படுத்ததும் தூங்கிவிட்டார்.

ஜூலை 30
ஆட்டிறைச்சி. கடல். ஆட்டிறைச்சி.

ஆகஸ்ட் 23
ஃப்ரீடவுனுக்கு முன்னால் நங்கூரம் பாய்ச்சி நிற்கிறோம். ஊரில் காய்ச்சல் என்பதால் யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. சியரா லியோன் மலைகளை வேடிக்கை பார்த்தபடி வேர்த்துக்கொண்டிருக்கிறோம். தச்சர் ஒரு மரத்தைக் காட்டி அதன் பெயர் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்.

ஆகஸ்ட் 25
எங்களோடு வரப்போகும் போர்க்கப்பல் ‘மான்டுவா’. அதற்குள்ளேயே காய்ச்சல் என்று பேச்சு. கப்பல்கள் கூட்டமாகப் போகும் கான்வாய் பற்றிய ஆலோசனைக்கு நம் அதிகாரிகள் படகேறி அங்கே போய்த் திரும்பினார்கள். கரைக்குப் போகக் கூடாது, காய்ச்சல் கப்பலுக்குப் போகலாம். இந்த நியாயத்தைச் சொன்னபோது தச்சர் சிரித்தார். கூடவே இருமினார். புகையிலை இருமல்தான்.

ஆகஸ்ட் 26
கிளம்பினோம். சாயங்காலத்துக்குள் மருத்துவ அறை வாசலில் வரிசை.

ஆகஸ்ட் 28
எழுத நேரமில்லை. நிற்க முடிகிறவனை எல்லாம் வேலைக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் சுமக்கிறேன். மருத்துவ அறை நிரம்பி, நடைபாதையும் நிரம்பி, மேல்தளத்தில் வரிசையாகக் கிடத்தியிருக்கிறோம். கண்ணைத் திறக்காமலே “தண்ணீர்” என்கிறார்கள், யார் கொடுத்தது என்றுகூடப் பார்க்காமல்.

ஆகஸ்ட் 29
எனக்கும்.

செப்டம்பர் 1, ஞாயிறு
இரண்டு நாள் நினைவில் இல்லை. தூளியில் கிடந்தேன். மேலே யாரோ வேதாகமச் சங்கீதம் படிக்கும் சத்தம் கேட்டது, கனவு என்று நினைத்தேன். கனவில்லை. அடக்கம்.

முதல் வேலையாக அறைக்குப் போனேன். தச்சர் என் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நீர்மூழ்கிக்குப் பயந்து இரவில் வட்டச் சன்னலை அடைத்துவிடுகிறார்கள், வெளிச்சம் போகாமல் இருக்க. உள்ளே காற்றும் வராமல்தான் இருக்கிறது. மேல்கட்டிலில் இருந்தவரைக் காணோம். எங்கே என்று கேட்டதற்கு, தச்சர் விரலால் கடலின் பக்கம் காட்டினார்.

செப்டம்பர் 2
அவரை மேல்தளத்துக்குக் கொண்டுபோகக் கேட்டேன். “அசைக்காதே” என்றார் செவிலி. அவரே நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உதடு நீலம். நகமும். காதுமடலில் புதினாப் பூவின் நிறம்.

செப்டம்பர் 3
“அளவுகோலை எடு” என்கிறார். கொடுத்தால் பிரிக்கத் தெரியவில்லை. எத்தனை அடி, எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொன்னேன். “தப்பு” என்றார். மூன்று முறை மாற்றிச் சொன்னேன். எல்லாமே தப்பு.

செப்டம்பர் 4
விடிவதற்கு முன்.

செப்டம்பர் 5
கித்தானில் வைத்துத் தைத்தார்கள். காலடியில் இரும்பு. தைத்த மாலுமியின் கை நடுங்கியது, அவனுக்கும் காய்ச்சல். கான்வாயில் கப்பலை நிறுத்த மாட்டார்கள். பலகையைச் சரித்தார்கள், கொடி மட்டும் பலகையில் தங்கியது. திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த இடம் எந்த இடம் என்றே தெரியவில்லை.

செப்டம்பர் 6
தூளியில் படுத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். என்னைச் சுற்றி ஒன்பது தூளி, ஒன்பது பேரும் இருக்கிறோம். அறைப் பக்கம் போனால் காலிக் கட்டில்களாகக் கண்ணில் படுகின்றன. மருத்துவரிடம் கேட்டேன். “வயதானவர்கள் போகிறார்கள், அவ்வளவுதான். கட்டில் என்ன செய்யும்?” என்றார். நாற்பத்து நான்கு ஒரு வயதா. அவர் மூன்று நாளாகத் தூங்கவில்லை என்று தெரியும், அதனால் மேலே கேட்கவில்லை.

என் கட்டில். நான்தான் வற்புறுத்தினேன். அவர் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 7
வற்புறுத்தினேனா? இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை அவர்தான் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்படித்தான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 8
மழை.

செப்டம்பர் 10
இங்கிலாந்தின் பிளிமத். கரை பச்சையாக இருக்கிறது. கடலில் விட்டு வந்தது 68 பேர். இறங்குகிறவர்களில் பலர் தூக்குப்படுக்கையில் போகிறார்கள். ஜெர்மானியன் ஒருவனையும் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

அளவுகோலை அவருடைய பையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பிறகு எடுத்துக்கொண்டேன். பிறகு மறுபடியும் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 11
அவர் மனைவிக்கு மடல் எழுத உட்கார்ந்தேன். “கடைசிவரை வலியில்லாமல்” என்று எழுதி அடித்தேன். “நல்ல கட்டிலில் படுத்திருந்தார்” என்று எழுதினேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தாளையே கிழித்தேன்.

செப்டம்பர் 12
முகாம். இங்கே எல்லோருக்கும் கட்டில். தரையில் படுத்தேன். ஏன் என்று சார்ஜன்ட் கேட்டார், இடுப்பு வலி என்றேன்.

செப்டம்பர் 13
அன்புள்ள அம்மையாருக்கு, தங்கள் கணவர் என்னோடு